உஷார்! சைப்ரஸ் என்கிறார்களா? கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள்!

‘ஐரோப்பாவில் படிப்பு. ஐஈஎல்டிஎஸ் தேவையில்லை. பகுதி நேர வேலை உறுதி. ஒரே மாதத்தில் புறப்படலாம்.’ கூடவே நீலக் கடல், வெள்ளை வீடுகள், கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விளம்பரம் வந்து, அதில் சைப்ரஸ் என்று ஊர்ப்பெயர் இருந்தால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கோட்டுக்கு எந்தப் பக்கம்?’

‘என்ன கோடு சார்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் அவருக்கு விஷயமே தெரியாது. ‘அதெல்லாம் பழைய கதை, இப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்’ என்றால் அவருக்கு எல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். முதல் ஆள் பரவாயில்லை. இரண்டாவது ஆளிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

சிசிலி, சார்டினியாவுக்கு அடுத்தபடியாக மத்தியதரைக் கடலின் மூன்றாவது பெரிய தீவு சைப்ரஸ். பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சின்னத் தீவில் நீங்கள் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து, உங்கள் விசா செல்லுமா, பட்டத்துக்கு மதிப்பு உண்டா, வாங்கிய வீடு உங்களுடையதுதானா, ஆபத்து என்றால் தூதரகம் வந்து நிற்குமா என்ற அத்தனைக்கும் பதில் மாறிவிடும். மாணவர், வேலைக்குப் போகிறவர், வீடு வாங்குகிறவர், பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர் யாராக இருந்தாலும் இது பொருந்தும். விளம்பரப் படத்தில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடல்தான்.

கோடு வந்த கதை

1960இல் பிரிட்டனிடமிருந்து சைப்ரஸ் விடுதலை பெற்றது. கிரேக்க மொழி பேசுபவர்கள் பெரும்பான்மை, துருக்கி மொழி பேசுபவர்கள் சிறுபான்மை. மூன்றே ஆண்டுகளில் இரு தரப்புக்கும் மோதல். 1963 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஒருவர் தலைநகர் நிகோசியாவின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். சண்டையை நிறுத்தப் போட்ட தற்காலிகக் கோடு அது. 1964இல் ஐ.நா. அமைதிப்படை வந்தது. நம் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். திம்மையா அந்தப் படைக்குத் தலைமை தாங்கி, 1965 டிசம்பரில் அந்த மண்ணிலேயே இறந்தார். ஐ.நா. படை இன்றும் அங்கேதான் நிற்கிறது.

1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சியாளர்களின் தூண்டுதலில் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தே நாளில், ஜூலை 20 அன்று, துருக்கிப் படை வடகரையில் இறங்கியது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதன் கைக்குப் போனது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வீடு, தோட்டம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெற்கே ஓடினார்கள். துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வடக்கே போனார்கள். நிகோசியாவில் போட்ட பென்சில் கோடு தீவின் குறுக்கே சுமார் 180 கிலோமீட்டர் நீண்ட முள்வேலியானது.

1983 நவம்பரில் வடக்கு தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஐ.நா. பாதுகாப்பு சபை அந்த அறிவிப்பு செல்லாது என்று தீர்மானம் போட்டது. இன்றுவரை அதை நாடாக ஏற்பது துருக்கி மட்டுமே. தெற்கில் இருக்கும் சைப்ரஸ் குடியரசு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2008இல் யூரோவுக்கு மாறியது. சட்டப்படி முழுத் தீவும் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. ஆனால் வடக்கில் ஒன்றியத்தின் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. ‘சைப்ரஸ் ஐரோப்பிய யூனியன்ல இருக்கு சார்’ என்று ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை. உங்களை அனுப்பப்போகும் இடத்தில் அந்தச் சட்டம் எட்டாது என்பதைத்தான் விழுங்கிவிடுகிறார்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஏஜென்ட்டின் பதிலை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. அவர் கொடுத்த காகிதமே காட்டிக்கொடுக்கும்.

விமான டிக்கெட்டைப் பாருங்கள். லார்னகா அல்லது பாபோஸ் என்றால் தெற்கு. எர்ஜான் என்றால் வடக்கு. அங்கே துருக்கி வழியாக மட்டுமே விமானம் போகும்.

தொலைபேசி எண்ணைப் பாருங்கள். +357 என்றால் தெற்கு. +90 என்று தொடங்கினால் துருக்கியின் குறியீடு, அது வடக்கு.

முகவரியைப் பாருங்கள். ‘மெர்சின் 10, துருக்கி’ என்று முடிந்தால் வடக்கு. தனி நாடாகத் துருக்கி தவிர யாரும் ஏற்காததால் அந்தப் பகுதிக்கான தபால் துருக்கியின் மெர்சின் நகரம் வழியாகத்தான் போகிறது.

ஊர்ப் பெயரைப் பாருங்கள். கிர்னே, லெஃப்கோஷா, காசிமகுசா, இஸ்கெலே, குசெல்யுர்ட் என்று இருந்தால் வடக்கு. வரைபடத்தில் தேடும்போது இவை கைரீனியா, நிகோசியா, ஃபமகுஸ்தா, டிரிகோமோ, மோர்ஃபு என்ற பழைய பெயர்களிலும் வரும். குழம்பாதீர்கள்.

காசைப் பாருங்கள். சம்பளம் துருக்கி லிராவில் என்றால் வடக்கு. சம்பளமே யூரோவில் என்றால் தெற்கு.

மாணவர்களே, பெற்றோர்களே... உஷார்!

அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வட சைப்ரஸ் சிறிய பகுதி. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் மாணவர்களைக் கூட்டிவருவது அங்கே பெரும் வியாபாரம். நல்ல பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டுக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றே. 2024இல் வடக்கில் போலிப் பட்ட ஊழல் ஒன்று வெடித்து, அதிகாரத்தில் இருந்தவர்கள் வரை கைது நடந்தது.

வழக்கமாக நடப்பது இதுதான். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் கட்டச் சொல்வார்கள். ‘மிச்சத்தை அங்கே வேலை செய்து கட்டிக்கலாம்’ என்பார்கள். இஸ்தான்புல் வழியாக எர்ஜானில் இறங்கிய பிறகுதான் கணக்கு புரியும். கல்லூரிக் கட்டணம் யூரோவில். வீட்டு வாடகை பல இடங்களில் பிரிட்டிஷ் பவுண்டில். வேலை கிடைத்தால் கூலி லிராவில், அந்த லிராவோ ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே போகிறது. இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட முடியாது. கட்டாவிட்டால் பதிவு போகும், பதிவு போனால் தங்கும் அனுமதி போகும், அதன் பிறகு அபராதம் ஏறும். கடனை வைத்துக்கொண்டு ஊர் திரும்பவும் முகமில்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு ஏஜென்ட் வருவான். ‘ராத்திரியில் வேலி தாண்டித் தெற்கே விட்டுவிடுகிறேன், அது அசல் ஐரோப்பா’ என்பான். கையில் மிச்சமிருப்பதும் போகும். தாண்டினால் சட்டவிரோத நுழைவு. பிறகு அகதிக் கோரிக்கை, கூட்டம் பிதுங்கும் முகாம், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மிக அதிக அகதிக் கோரிக்கைகளைச் சந்தித்த நாடுகளில் சைப்ரஸ் முன்வரிசையில் இருக்கிறது. அந்த எரிச்சல் தெருவுக்கும் வந்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில் பாபோஸ் அருகே குளோராகாவிலும், சில நாளில் லிமசோலிலும், வெளிநாட்டவர்களையும் அவர்கள் கடைகளையும் கும்பல்கள் தாக்கின.

அமெரிக்க வெளியுறவுத்துறையின் ஆள்கடத்தல் அறிக்கை வட சைப்ரஸைப் பற்றித் தனியாகவே எழுதுகிறது. மாணவர் அனுமதியில் வந்தவர்கள் கட்டாய உழைப்பிலும் பாலியல் தொழிலிலும் சிக்கவைக்கப்படுவதையும் சொல்கிறது. பெண் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை இன்னொரு முறை படியுங்கள்.

அங்கே சிக்கினால் யார் வருவார்கள்? இந்தியத் தூதரகம் நிகோசியாவின் தென்பாதியில் இருக்கிறது. வடக்கை இந்தியா நாடாக ஏற்கவில்லை. அதனால் அங்கே போய் அதிகாரத்தோடு பேசவோ, காவல் நிலையத்தில் வந்து நிற்கவோ இந்திய அதிகாரிகளுக்கு வழி மிகக் குறைவு. இலங்கைப் பிள்ளைகளுக்கும் நிலைமை இதேதான்.

எம்பிபிஎஸ் ஆசையில் போகிறவர்கள் இன்னும் கவனம். நீட் தகுதி இல்லாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் இந்தியாவில் தொழில் செய்ய முடியாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்படி, குறைந்தது 54 மாதப் படிப்பு ஆங்கில வழியில் ஒரே கல்லூரியில் முடிந்திருக்க வேண்டும். 12 மாதப் பயிற்சியும் அங்கேயே முடிக்க வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதியும் கிடைக்க வேண்டும். நாடே நாடா என்ற கேள்வி உள்ள இடத்தில் இந்தக் கடைசி நிபந்தனையை நினைத்துப் பாருங்கள்!

வேலைக்குப் போகிறவர்களே... உஷார்!

தெற்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா? கூடாது. சைப்ரஸ் குடியரசில் வீட்டுவேலைக்கும் தோட்ட வேலைக்கும் இலங்கை, இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், வியட்நாம் பெண்களும் ஆண்களும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். ஒழுங்காகச் சம்பளம் வாங்கி, ஊரில் வீடு கட்டியவர்களும் உண்டு. ஆனால் அந்த விசா குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் வீட்டை விட்டு வெளியேறினால் முறைப்படி வேறு முதலாளிக்கு மாறாதவரை நீங்கள் சட்டவிரோதக் குடியேறி. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

2019 ஏப்ரலில் மித்செரோ என்ற ஊரின் கைவிடப்பட்ட சுரங்கத்தில் தண்ணீருக்குள் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. தோண்டத் தோண்ட வழக்கு வளர்ந்தது. ஐந்து வெளிநாட்டுப் பெண்கள், அவர்களில் இருவரின் சின்னஞ்சிறு மகள்கள் என ஏழு பேரைக் கொன்றவர் அந்த நாட்டு ராணுவ அதிகாரி ஒருவர். இணையத்தில் அறிமுகமாகி வரவழைத்திருக்கிறார். ஏழு ஆயுள் தண்டனை கிடைத்தது. நாட்டையே உலுக்கிய இன்னொரு சேதி: அந்தப் பெண்களைக் காணவில்லை என்று தோழிகள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். ‘கோட்டைத் தாண்டி வடக்கே போயிருப்பார்கள்’ என்று சொல்லிக் காவல்துறை தட்டிக்கழித்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நீதித்துறை அமைச்சர் பதவி விலகினார். காவல்துறைத் தலைவர் நீக்கப்பட்டார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: உங்கள் முதலாளியின் பெயர், முகவரி, எண் ஆகியவை ஊரில் இருவரிடமாவது இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் குறித்துப் பேச வேண்டும். பேச்சு வராத நாளில் குடும்பத்தார் ‘பிஸியா இருப்பா’ என்று விடக் கூடாது. தூதரகத்துக்கு அன்றே எழுத வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் சவுதி, குவைத், மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். சைப்ரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பார்க்கும் அந்த ஒரு தடுப்பும் கிடையாது என்று அர்த்தம். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்கு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும். அவர் நான்கு லட்சம், ஐந்து லட்சம் என்று ஆரம்பித்தாலே சட்டத்தை மீறிவிட்டார். இலங்கையிலிருந்து போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு உரிமம் உண்டா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு வாங்குகிறவர்களே... உஷார்!

நம் ஊரில் அரைக் கிரவுண்டு வாங்கினாலே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசு விவரம் என்று துருவுகிறோம். கடல் பார்த்த பால்கனி என்றதும் அந்தப் புத்தியெல்லாம் எங்கே போகிறது?

வடக்கில் வில்லா விலை தெற்கைவிட வெகு குறைவு. காரணம் இருக்கிறது. 1974இல் ஓடிப்போன கிரேக்க சைப்ரஸ்காரர்களின் நிலம்தான் அங்கே பெரும்பகுதி. அந்த நிலத்தை வடக்கு நிர்வாகம் வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அவர்களிடம் வாங்கிய கட்டுமான நிறுவனம் அடுக்குமாடி எழுப்பி உங்களுக்கு விற்கிறது. 1974க்கு முன்பே துருக்கிய சைப்ரஸ்காரர் பெயரிலோ வெளிநாட்டவர் பெயரிலோ இருந்த நிலம் ஒரு ரகம். ‘மாற்றாக’ வழங்கப்பட்ட நிலம், ‘ஒதுக்கீட்டில்’ வழங்கப்பட்ட நிலம் என்று வேறு ரகங்கள் உண்டு. பின்னவற்றில் பழைய உரிமையாளர் இன்னும் எங்கேயோ இருக்கிறார். அவர் கையில் 1974க்கு முந்தைய பத்திரம் இருக்கிறது.

‘அதற்கெல்லாம் இழப்பீட்டு ஆணையம் வைத்திருக்கிறார்கள், கவலை வேண்டாம்’ என்பார் விற்பவர். ஆணையம் இருப்பது உண்மை. 2010இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் அதை ஒரு தீர்வு வழியாக ஏற்றதும் உண்மை. ஆனால் சைப்ரஸ் குடியரசின் கண்ணில் உங்கள் வாங்கல் குற்றம்தான். 2006இல் அது தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது: உரிமையாளர் சம்மதமில்லாமல் அடுத்தவர் நிலத்தை விற்பது, வாங்குவது, வாடகைக்கு விடுவது எல்லாவற்றுக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. நெடுங்காலம் காகிதத்தில் தூங்கிய சட்டம் இப்போது விழித்துக்கொண்டது. 2024இல் வடக்கில் பெரும் குடியிருப்புகள் கட்டிய நிறுவனத்தின் அதிபர் ஒருவர் தெற்கே காலடி வைத்தபோது கைதானார். 2025இல் இப்படிப்பட்ட வீடுகளை விளம்பரப்படுத்திய வழக்கில் ஹங்கேரிப் பெண்கள் இருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பாரிஸிலும் பெர்லினிலும் இருக்கும் நம் தமிழர்களுக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. ஒரு பிரிட்டிஷ் தம்பதி வடக்கே லாப்பித்தோஸில் ஆசை ஆசையாக வில்லா கட்டினார்கள். நிலத்தின் பழைய உரிமையாளர் நிகோசியா நீதிமன்றத்துக்குப் போனார். வீட்டை இடிக்க வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வடக்கில் அந்தத் தீர்ப்பு நடவாது. ஆனால் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2009 ஏப்ரலில் சொன்னது: அதை மற்ற உறுப்பு நாடுகளில் நிறைவேற்றலாம். 2010 ஜனவரியில், அப்போது ஒன்றியத்தில் இருந்த இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. தீவில் வாங்கிய வில்லாவுக்காக இங்கிலாந்தில் இருந்த சொந்தச் சொத்தே ஆபத்துக்கு உள்ளானது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வீடு, வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களே, வட சைப்ரஸில் நீங்கள் போடும் கையெழுத்து உங்கள் வாசலுக்கே வரும்.

சரி, தெற்கில் வாங்கினால் பிரச்சினை இல்லையா? அங்கே வேறு வில்லங்கம். கட்டுமான நிறுவனம் நிலத்தை முன்கூட்டியே வங்கியில் அடமானம் வைத்திருக்கும். நீங்கள் முழுப் பணம் கட்டிக் குடிபோன பிறகும் பத்திரம் உங்கள் பெயருக்கு வராது. நிறுவனம் நொடித்தால் வங்கி உங்கள் வீட்டைக் கேட்கும். இப்படி மாட்டியவர்கள் அத்தனை பேர் இருந்ததால் 2015இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே விற்பவர் காட்டும் வக்கீலை விட்டுவிட்டு, நீங்களே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். அடமான விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குள் நிலப்பதிவுத் துறையில் பதியுங்கள். ‘வட்டி குறைவு’ என்று வேறு நாட்டுப் பணத்தில் கடன் தந்தால் வாங்காதீர்கள். சுவிஸ் ஃபிராங்கில் கடன் வாங்கி வீடு வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள் ஃபிராங்க் ஏறியபோது கடனே பெருகிப்போய்த் தவித்தார்கள்.

வங்கியில் போட்டால் பத்திரம் என்றும் இருக்காதீர்கள். 2013 மார்ச்சில் சைப்ரஸ் வங்கிகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மூடிக் கிடந்தன. திறந்தபோது நாளுக்கு 300 யூரோதான் எடுக்கலாம் என்றார்கள். பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் உபரித் தொகையில் 47.5 சதவீதத்தை எடுத்து வங்கியின் பங்குகளாக மாற்றிவிட்டார்கள். உத்தரவாதம் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோ வரைதான். அதற்கு மேல் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

பாஸ்போர்ட் தருகிறேன் என்கிறாரா?

கேட்டவுடன் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு மில்லியன் யூரோ முதலீடு செய்தால் குடியுரிமை என்று சைப்ரஸ் ஒரு திட்டம் வைத்திருந்தது உண்மை. ரகசியக் கேமராவில் முறைகேடு அம்பலமாகி, 2020 நவம்பர் 1 முதல் அது மூடப்பட்டது. வழங்கிய பாஸ்போர்ட்டுகளில் பாதிக்கும் மேல் சட்டத்தை மீறி வழங்கப்பட்டவை என்று விசாரணை ஆணையம் சொன்னது. பலரிடமிருந்து திரும்பப் பறிக்கப்பட்டன. மத்தியதரைக் கடலின் இன்னொரு தீவு நாடான மால்டா நடத்திய இதே வியாபாரத்தை 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. இன்று யாராவது ‘சைப்ரஸ் கோல்டன் பாஸ்போர்ட்’ விற்றால் அது நடப்பில் இல்லாத சரக்கு.

இப்போது இருப்பது நிரந்தர வசிப்புரிமை. மூன்று லட்சம் யூரோவுக்குப் புது வீடு வாங்க வேண்டும், அதோடு வாட் வரி. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 50,000 யூரோ வருமானமும் காட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கு அதற்கு மேல். அந்த உரிமை பெற்றவர் அங்கே சம்பள வேலைக்குப் போக முடியாது. பாரிஸிலோ பெர்லினிலோ குடியேறவும் முடியாது. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம்; வீட்டு விலை அதைவிட அதிகம். ‘மிச்சத்தை நான் வேறு வழியில் அனுப்பிவிடுகிறேன்’ என்று ஏஜென்ட் சொன்னால் அதற்கு ஹவாலா என்று பெயர். அமலாக்கத்துறை அவரைத் தேடாது, உங்களைத் தேடும்.

சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களே, நீங்களும்தான்!

சைப்ரஸ் விசா வேறு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேறு. பல முறை நுழையும் ஷெங்கன் விசாவை வைத்துச் சைப்ரஸுக்குள் போக வழி உண்டு. சைப்ரஸ் விசாவை வைத்துப் பாரிஸ் போக வழி கிடையாது என்பதே நீண்டநாள் விதி. ஷெங்கனில் சேர அந்த நாடு முயன்றுகொண்டிருக்கிறது. புறப்படும் நாளில் விதி என்ன என்று புதுதில்லியில் உள்ள சைப்ரஸ் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள். டிராவல்ஸ்காரர் சொல்வதை நம்பி ஏதென்ஸுக்கும் சேர்த்து டிக்கெட் போடாதீர்கள்.

மலிவு டிக்கெட் என்று எர்ஜானில் இறங்கிவிட்டு, அங்கிருந்து நடந்து தெற்கே போகலாம் என்று நினைக்காதீர்கள். குடியரசின் சட்டப்படி எர்ஜான் அனுமதியில்லாத நுழைவாயில். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு அப்படி வந்தால் கோட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். சட்டவிரோத நுழைவு என்று பதிந்தால் பின்னால் கேட்கும் ஒவ்வொரு விசாவிலும் அது குறுக்கே நிற்கும். லார்னகாவில் முறையாக இறங்கியவர்கள் நிகோசியாவின் லெட்ரா தெருவில் 2008இல் திறந்த கடவை வழியாக வடக்கைப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் விசாவில் அப்படிப் போய்த் திரும்ப இடமுண்டா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெற்கில் வாடகைக்கு எடுத்த காரின் இன்ஷூரன்ஸ் வடக்கில் செல்லாது. கடவையில் தனியாக மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் விற்பார்கள்; அது எதிராளியின் சேதத்துக்கு மட்டும். உங்கள் கார் நசுங்கினால் முழுப் பணமும் உங்கள் கையிலிருந்து போகும். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் வரும் அசட்டுத் துணிச்சலும் வேண்டாம். கோட்டைத் தாண்டியதும் கைப்பேசி துருக்கி நெட்வொர்க்கைப் பிடிக்கும். டேட்டாவை அணைக்காவிட்டால் பில் எகிறும்.

கேமராவை எல்லா இடத்திலும் நீட்டாதீர்கள். ராணுவக் காவல் அரண்கள், ஐ.நா. கட்டுப்பாட்டுப் பகுதி, அக்ரோத்திரி, தெக்கெலியா என்ற பிரிட்டிஷ் ராணுவத் தளங்கள் இங்கெல்லாம் படம் எடுத்தால் விசாரணைதான். வேலிக்கு நடுவே இருக்கும் ஆளில்லா நிலத்தில் செல்ஃபிக்காக இறங்கவே கூடாது. 1996 ஆகஸ்டில் தெரினியா அருகே நடந்த போராட்டத்தில் அந்த நிலத்துக்குள் போன ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜூலை, ஆகஸ்டில் நிகோசியாவில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மலைப்பக்கம் காட்டுத்தீ சட்டென்று பரவும். 2021 ஜூலையில் லிமசோல் மாவட்டத்துத் தீயில் எகிப்தியத் தொழிலாளர்கள் நால்வர் இறந்தார்கள். தங்குமிடத்திலிருந்து வெளியேறும் வழி இரண்டாவது உண்டா என்று வந்தவுடன் பாருங்கள்.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

1. எந்த விமான நிலையத்தில் இறங்குகிறேன்? லார்னகா அல்லது பாபோஸ் இல்லையென்றால் ஏன்?

2. விசாவை வழங்குவது யார்? சைப்ரஸ் குடியரசின் தூதரகமா, அல்லது ‘போன பிறகு விமான நிலையத்தில் தருவார்கள்’ என்கிறீர்களா?

3. மாணவர் என்றால்: முழுப் படிப்புக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, எந்த நாட்டுப் பணத்தில்? பட்டத்துக்கு என் நாட்டில் சமநிலைச் சான்று கிடைக்குமா?

4. வேலை என்றால்: முதலாளியின் பெயர், முகவரி, சம்பளம், வாராந்தர விடுமுறை நாள் உள்ள ஒப்பந்தம், எனக்குப் புரியும் மொழியில் எங்கே? உங்கள் பதிவு எண் என்ன?

5. வீடு என்றால்: 1974க்கு முன் இந்த நிலம் யார் பெயரில் இருந்தது? இன்று எந்த வங்கியில் அடமானம்?

6. நான் போகாமல் நின்றுவிட்டால் எத்தனை நாளில், எவ்வளவு பணம் திரும்பும்?

ஏற்கெனவே அங்கே போய்ச் சிக்கியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வேலி தாண்டச் சொல்லும் எந்தப் பேச்சையும் கேட்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, கல்லூரி ரசீது, ஏஜென்ட்டின் செய்திகள் எல்லாவற்றையும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிகோசியாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் அயலகத் தமிழர் நலத்துறைக்கும், இலங்கையர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் எழுதுங்கள். தெற்கில் இருப்பவர்களுக்கு உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஏஜென்ட் மேல் உங்கள் மாவட்டக் காவல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் வெட்கப்பட்டு வாயை மூடினால் அடுத்த தெருப் பிள்ளையை அவர் அனுப்புவார்.

மேலே உள்ள ஆறு கேள்விக்கும் நேர்மையாக வியாபாரம் செய்கிறவரால் ஒரே நாளில் பதில் எழுதித் தர முடியும். ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று இழுக்கிறாரா? போகாதீர்கள். ‘இந்த வாரத்தோட சீட் முடியுது’ என்று அவசரப்படுத்துகிறாரா? முடியட்டும். பதில் எழுத்தில் வரும்வரை உங்கள் பாஸ்போர்ட்டும் பணமும் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.